ஒல்லிக் குழலுக்கு ஒரு சான்று

என் அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவருக்கு எதெல்லாம் குமட்டும் என்பதிலிருந்து தொடங்குவதுதான் முறை. பிடித்தவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பிடிக்காதவற்றுக்கு ஊரிலுள்ள விரல்கள் எல்லாம் சேர்ந்தாலும் போதாது. 'உலகின் முதல்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் பிடிக்காது. 'என்று கூறப்படுகிறது' என்று முடியும் வாக்கியம் பிடிக்காது. இந்த இரண்டும் ஒரே வரியில் வந்துவிட்டால், கெட்டுப்போன பாலை வாயில் வைத்தவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் காறித் துப்பிவிட்டு வருவார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே துப்புவார். "வீட்டுல படிக்கிற மனுஷன் எல்லாம் கண்ணாடியத் துடைப்பான், இவரு மட்டும் வாயத் துடைக்கிறாரு" என்பாள் அக்கா.

அத்தானுக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் ஈறு செய்து, பல் நட்டு, சீவி, தேய்த்துத் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. எங்கு கை வைத்தாலும் வெள்ளை மாவாக ஒட்டும். அலமாரி முழுக்க முன்பின் தெரியாதவர்களின் தாடைகள் இளித்துக்கொண்டிருக்கும். அந்தத் தாடைகளுக்கு நடுவே, அதே மெழுகில் வார்த்தெடுத்த, விரல் நீள உருளைகளும் வரிசையாக நிற்கும். அவை துப்பாக்கிகளின் உள் அச்சுகள். பழைய வேட்டை ரைபிள்கள், அதிலும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் போல்ட் ரைபிள்கள், அதிலும் முதன்முதலாகக் கடையில் விற்பனைக்கு வந்த காலத்தவை. அவற்றைப் பற்றி எழுதுவதுதான் அவருடைய பைத்தியம்.

இத்தனைக்கும் மனிதர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்வார். "அப்புறம் எதுக்கு அத்தான் இந்த இழவு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் பொய்யா எழுதறானுங்க மாப்ளே. அது தாங்கல" என்றார். அவ்வளவுதான் காரணம். வேறு ஆழமான காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் டயர் கடைக்காரன். பொய் கலக்காமல் பழைய டயரை விற்க முடியாது என்று அறிந்தவன். அதனால் அவருடைய வேதனை ஆரம்பத்தில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப்போக, பழைய துப்பாக்கிகளைப் பற்றி எழுதும் அந்தக் கும்பலை நானும் பார்த்தேன். சீ! ஒருவன் எழுதியதை இன்னொருவன் பார்த்து எழுதுவான், அதை மூன்றாமவன் எழுதுவான், பிறகு முதலாமவன் "பார்த்தீர்களா, மூன்று பேர் சொல்கிறார்கள்" என்று மார்தட்டுவான். ஈயடிச்சான் காப்பி அடிப்பவன்கூட ஈயை அடித்தாவது ஒட்டுவான். இவர்கள் ஈ எங்கே உட்கார்ந்தது என்றுகூடப் பார்ப்பதில்லை.

அத்தானின் வழி வேறு. துப்பாக்கி கைக்கு வந்ததும் போல்ட்டைக் கழற்றி மேசையில் வைப்பார். குழலுக்குள் எண்ணெய் விடுவார். மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலின் வாயில் வைத்து, மரக்குச்சியால் தட்டித் தட்டி மறுபுறம் வெளியே தள்ளுவார். குழலின் உட்பள்ளங்கள் எல்லாம் ஈயத்தின் மேல் பதிந்து வரும். அதை மைக்ரோமீட்டரில் அளப்பார். அளந்த பிறகுதான் பேச்சு. அதற்கு முன்னால் துப்பாக்கியின் சொந்தக்காரர் என்ன கதை சொன்னாலும், பல் வலிக்காரன் புலம்பலைக் கேட்பதுபோல "ம்ம், ம்ம்" என்பார்.

அந்த அளவில்தான் எல்லாம் இருந்தது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் மிச்சம் தானாக விளங்கிவிடும். அந்தக் காலத்து வேட்டை ரைபிள்களில் ஒரு வகை, ராணுவத்துக்காக உருவான போல்ட்டை எடுத்து, நல்ல மரக்கட்டை பூட்டிக் கடையில் விற்றது. அப்போது குண்டு ஒல்லி, குழலும் ஒல்லி. பிறகு ஒரு வருடத்தில் ராணுவம் சற்றே தடித்த குண்டுக்கு மாறியது. வித்தியாசம் ஒரு தலைமுடியின் கனம், அதற்கு மேல் இல்லை. ஆனால் தடித்த குண்டை ஒல்லிக் குழலில் வைத்துச் சுட்டால் உள்ளே அழுத்தம் தாறுமாறாக ஏறும். போல்ட் பிய்த்துக்கொண்டு பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுகிறவனின் முகம். கொடுமை என்னவென்றால், தடித்த குண்டு வைத்த தோட்டா பல ஒல்லிக் குழல் துப்பாக்கிகளிலும் சமர்த்தாக நுழைந்து உட்கார்ந்துகொள்ளும்.

எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். ராணுவம் மாறிய வருடத்தைப் பிடித்துக்கொண்டு, "அதற்கு முன் செய்தது ஒல்லி, பின் செய்தது தடி" என்று எழுதிவிடுவார்கள். வேட்டை ரைபிள் செய்த பட்டறைக்காரன் என்ன ராணுவத்தில் சம்பளம் வாங்கினானா, உத்தரவு வந்ததும் மாற? வாடிக்கைக்காரர்கள் பழசையே கேட்டார்கள். அவனும் வருடக்கணக்காகப் பழசையே செய்து கொடுத்தான். அத்தான் அளந்தவற்றில் எத்தனையோ துப்பாக்கிகள் அப்படி. ஆகவே அவர் எழுதுவது எப்போதும் ஒரே வாக்கியம்: 'செய்த ஆண்டை வைத்துக் குழலைச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும்.'

இந்த வாக்கியத்தைப் பார்த்தால் தொப்பிக்கு எரியும். தொப்பி என்பது வேட்டைக்காரர்களுக்கான ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர். காட்டுக்குப் போகிறவர் அணியும் அகலத் தொப்பியைக் குளியலறையில்கூடக் கழற்ற மாட்டார் என்று நினைக்கிறேன். ஜீப்பை விட்டுக் காட்டில் இறங்கியதில்லை என்பது மட்டும் நிச்சயம். அத்தானின் கட்டுரைகளைப் பல வருடமாக அவர்தான் போட்டு வந்தார். அவற்றைத் தொகுத்துக் கையேடாகப் போடுகிறேன் என்றபோது அக்காவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஒரே ஒரு அட்டவணை போட்டுக்கலாம் சார். இந்த வருஷத்துக்கு முன்னாடி இது, பின்னாடி அது. படிக்கிறவனுக்குச் சுலபமா இருக்கும்" என்றார் தொப்பி, பட்டறையில் உட்கார்ந்து.

"சுலபமா செத்துப் போவான்" என்றார் அத்தான்.

"அளக்கணும் அளக்கணும்னா எவன் சார் அளப்பான்?"

"அளக்காதவன் சுடாம இருக்கட்டும். யாரு வெத்தல பாக்கு வெச்சு அழைச்சா?"

தொப்பி சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அத்தான் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். ஊர்ப் பற்களை எல்லாம் சீவித் தேய்த்த மனிதருக்கு, ஒரு ஆள் எதற்காகப் பல்லைக் காட்டுகிறான் என்பது மட்டும் தெரியவில்லை.

வெளியீட்டு விழா நூலகத்தின் மாடி அரங்கில் நடந்தது. அக்கா புதுத்துணி, புதுச்செருப்பு. நாங்கள் உள்ளே நுழைந்ததுமே முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ஓடிவந்து அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர், முகத்திலேயே தெரிந்தது.

"சார், எங்கப்பா வெச்சிருந்த ரைபிள். எந்தத் தோட்டான்னு தெரியாம இத்தனை வருஷம் அலமாரியிலயே கெடந்துச்சு. உங்க அட்டவணையப் பாத்ததும் எல்லாம் தெளிவாயிடுச்சு. புதுத் தோட்டாவே வாங்கிட்டேன் சார். காட்டுப்பன்னி அட்டகாசம் தாங்கல!"

"எந்த அட்டவணை?" என்றார் அத்தான்.

சந்தாதாரர்களுக்குப் புத்தகம் முந்தின வாரமே போயிருக்கிறது. எழுதியவருக்கு மட்டும் மேடையில்தான் தருவார்களாம். பண்ணைக்காரர் தம் பிரதியைப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க அழகான கட்டம். நடுவில் ஒரு வருடம், அதன் மேல் ஒரு கோடு. கீழே சின்ன எழுத்தில், 'ஆதாரம்: நூலாசிரியரின் நேரடி அளவீடுகள்.'

கண்றாவி! மனிதர் செய்யாத தவறை அவர் கையால் செய்ததாக அச்சடித்து, அதற்குப் பட்டுத்துணி போர்த்தி மேடையில் வைத்திருக்கிறான் பாவி. எனக்கு அங்கேயே தொப்பியைப் பிடுங்கி மிதிக்க வேண்டும்போல இருந்தது. அத்தானின் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. அதற்குள் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக்கின் முன்னால் நின்று அவர் வேறெதுவும் சொல்லவில்லை. "இந்த அட்டவணை பொய். நான் எழுதல. இதை நம்பிச் சுட்டா மூஞ்சி போயிடும். தயவுசெஞ்சு எல்லாரும் இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க" என்றார்.

தொப்பி எழுந்து மைக்கை வாங்கினார். "இதான் சார் இவரு! தன் வேலையில திருப்தியே வராது. எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்றார். கை தட்டினார்கள். ஐயா, எழுந்து நின்று கை தட்டினார்கள்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா?

பிறகு கையெழுத்துக்கு வரிசை. அத்தான் பேனாவை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தைப் பிடித்தார். ஒவ்வொருவனும் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஐயோ, வேணாம் சார்! பக்கம் போனா மதிப்பே போயிடும்."

"பொய்யான பக்கம்ங்க!"

"இருக்கட்டும் சார். முழுசா இருக்கணும். பின்னாடி தப்பான அட்டவணை இருக்கிற பிரதிதான் அபூர்வம்னு கிராக்கி ஆகும்."

இப்படிச் சொன்னவன் நரைத்த தலை, கண்ணாடி போட்டவன். வீட்டில் நாலு துப்பாக்கி வைத்திருக்கிறவன். அத்தான் அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்றாவது ஒருநாள் துப்பாக்கி வெடித்துச் சிதைந்த முகத்தைப் பார்க்க நேர்ந்தால் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடாமல் எழுந்துவிட்டார். கோழிப்பண்ணைக்காரரைத் தேடினோம், அவர் கிளம்பிப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் என் வேனில் புறப்பட்டோம். வழி நெடுக அத்தான் ஈயத் துண்டுகளையும் மைக்ரோமீட்டரையும் மடியில் வைத்திருந்தார். "போறதுக்குள்ள சுட்டுத் தொலைச்சிருக்கக் கூடாது" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பண்ணை வாசலிலேயே பண்ணைக்காரர் நின்றார். முகம் முழுசாக இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"விடியக்காலையில சுட்டுப் பாத்தேன் சார்! பன்னி தப்பிச்சிடுச்சு. ஆனா ரைபிள் பிரமாதம். நாலஞ்சு குண்டு போட்டேன். என் வீட்டுக்காரிதான் பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சா" என்றார்.

அத்தான் தரையில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நடுவில் குமிழ்போல் இருக்க வேண்டிய இடம் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகியிருந்தது. அதைச் சுற்றிக் கரி. உள்ளே அழுத்தம் எல்லை மீறியதற்கு அதுதான் அடையாளம்.

"போல்ட்டைத் தூக்க இறுக்கமா இருந்துச்சா?"

"கொஞ்சம் இறுக்கம்தான் சார். உள்ளங்கையால ஒரு தட்டு தட்டினா தெறந்துக்குது."

அத்தான் ரைபிளை வாங்கி அங்கேயே முட்டை அடுக்கும் மேசையில் வைத்து அளந்தார். ஈயம் வெளியே வந்தது. மைக்ரோமீட்டரைத் திருகினார். இன்னொரு துண்டை விட்டு மறுபடியும் அளந்தார். ஒல்லிக் குழல். அட்டவணைப்படி தடியாக இருந்திருக்க வேண்டியது.

பண்ணைக்காரரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். நானும் விளக்கினேன். தட்டையான அடிப்பக்கத்தைக் காட்டினோம், எண்ணைக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் சார். ஆனா சுட்டாச்சே? ஒண்ணும் ஆகலையே! துப்பாக்கியே ஒத்துக்கிச்சு, நீங்க ஏன் பயப்படறீங்க?"

"காலையில ஆகல. அடுத்த தடவை ஆகலாம்."

"அட விடுங்க சார். இன்னிக்கு ராத்திரி பன்னி வரட்டும், பாத்துக்கறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யோவ், உன் மூஞ்சிய விடு, பக்கத்துல நிக்கிற அந்தம்மா மூஞ்சி என்னய்யா பாவம் பண்ணிச்சு? போலீஸ்ல சொல்லட்டுமா?" என்றேன். அவருக்குச் சுருக்கென்றது. லைசென்ஸ் இருக்கிறது, தோட்டாவுக்கு ரசீது இருக்கிறது, வீடு தேடி வந்து மிரட்டுகிறீர்களா என்றார். அவருடைய மனைவி தண்ணீர்ச் சொம்போடு கதவருகே நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சு முறிந்துவிட்டது. பண்ணைக்காரர் ரைபிளைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

அப்போது அத்தான் வாயைத் திறந்தார்.

"அதுக்கில்லீங்க. அளந்ததுமே சொல்லியிருக்கணும். நிச்சயமாத் தெரியாம சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இது சாதாரண ரைபிள் இல்ல. கடையில விக்கறதுக்குன்னு உலகத்துலயே முதல்ல செஞ்ச தொகுதியில ஒண்ணு. மத்ததெல்லாம் அழிஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். என் காதையே நம்ப முடியவில்லை.

பண்ணைக்காரரின் கை நின்றது. "நெசமாவா சார்? ஆனா இதுல பிந்தின வருஷம்ல போட்டிருக்கு?"

"அது மறுபரிசோதனை முத்திரை. விக்கறதுக்கு முன்னாடி திரும்பச் சோதிச்சப்ப அடிச்சது. இன்னும் ஒரு குண்டு சுட்டாலும் குழல் தேஞ்சிடும். மதிப்பு போயிடும்."

மூஞ்சி போயிடும் என்றபோது சிரித்த மனிதர், மதிப்பு போயிடும் என்றதும் ரைபிளைப் பச்சைக் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "ஏய், கண்ணாடிப் பெட்டி செய்யறவர் நம்பர் எங்க?" என்று மனைவியைக் கேட்டார். "பன்னிக்குத் தம்பியோட துப்பாக்கிய வாங்கிக்கறேன் சார். இதைத் தொட மாட்டேன். ஆனா வாய்ப்பேச்சு எதுக்கு ஆகும்? நீங்கதானே எழுதியிருக்கீங்க, எதுக்கும் ஆதாரம் வேணும்னு. எழுதிக் கொடுங்க."

புத்தகத்தையே கொண்டுவந்தார். முதல் பக்கத்தைப் பிரித்து வைத்தார். அத்தான் எழுதினார். உலகின் முதல், எஞ்சிய ஒன்று, நேரில் அளந்து உறுதி செய்தேன் என்று மணிமணியான எழுத்தில் எழுதி, கீழே முழுப் பெயரும் போட்டார். முந்தின நாள் யாருக்கும் போடாத கையெழுத்து.

பண்ணையைத் தாண்டி மேடு ஏறியதும், "மாப்ளே, வண்டிய நிறுத்து" என்றார். இறங்கிப் போய்ச் சாலையோரம் வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். "காலையில ஒண்ணும் சாப்பிடல இல்ல, அதான்" என்றேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுபோல் தொப்பிக்கு இதுவும் லாபமாகத்தான் போயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகை அட்டையில் கண்ணாடிப் பெட்டி, அதன் பக்கத்தில் பண்ணைக்காரர், உள்ளே அத்தானின் கையெழுத்தின் படம். 'உலகின் முதல்' என்று முட்டை அளவு எழுத்து. அதே இதழின் கடைசிப் பக்கத்தில் அட்டவணையோடு புத்தக விளம்பரம். முத்திரை வருடத்தை அட்டவணையில் பார்த்தால் தடிக் குழல், சான்றைப் பார்த்தால் உலகின் முதல் ஒல்லிக் குழல். அந்த அட்டவணைப்படி பார்த்தாலும் இந்தச் சான்று உளறல், இந்தச் சான்றுப்படி பார்த்தாலும் அந்த அட்டவணை உளறல். இரண்டையும் ஒரே இதழில் போட்டிருக்கிறான், ஒருத்தனும் கவனிக்கவில்லை. தூ!

ஒருத்தனும் என்று சொன்னது தப்பு. ஒருத்தி கவனித்தாள். வேறு ஊரில் மருந்துக்கடை நடத்துகிற பெண்ணாம். ஒரு மத்தியானம் பட்டறைக்குப் போன் வந்தது. அத்தான் கையெல்லாம் மெழுகு, அதனால் ஸ்பீக்கரில் போட்டார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"சார், நான் உங்க கட்டுரை எல்லாம் படிச்சிருக்கேன். உங்களைப் பாத்துத்தான் நானும் அளக்கக் கத்துக்கிட்டேன்" என்றாள். "ஒரு சந்தேகம். அந்தப் படத்துல இருக்கிற முத்திரை மறுபரிசோதனை முத்திரை இல்லையே? அதுக்குத் தனியா ஒரு அடையாளம் இருக்கணுமே. கட்டையோட வடிவமும் ரொம்பப் பின்னாடி வந்தது. எப்படிப் பாத்தாலும் அது சாதாரண ரைபிள்தான் சார். நீங்க சொன்னதுக்கு ஆதாரம் என்ன?"

அத்தானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படத்தை வைத்தே இவ்வளவு கண்டுபிடித்த அந்த மகராசியைக் கையெடுத்துக் கும்பிடுவார்போல இருந்தது. பிறகு அது அப்படியே வடிந்துபோனது.

"நான் பாத்தேன்மா. அது முதல்தான்" என்றார்.

"ஆதாரம் சார்?"

"ஆதாரம் இல்ல."

"அப்போ நீங்களும் மத்தவங்க மாதிரிதானா சார்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அருவருப்பாகக் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் அத்தான். போன் வைக்கப்பட்டது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் அத்தான், அந்தப் பொண்ணுகிட்ட மட்டுமாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே? எதுக்காகப் பொய் எழுதினீங்கன்னு சொன்னா புரிஞ்சுக்க மாட்டாளா? உங்களை மாதிரியே இருக்கா!"

"என்னை மாதிரியே இருக்கா. அதான் சொல்லல" என்றார். "உண்மை தெரிஞ்சா எழுதுவா மாப்ளே. அந்தாளு படிப்பான். பெட்டியத் தெறந்து ரைபிள எடுப்பான். அந்தம்மா பக்கத்துல நின்னு டார்ச் அடிக்கும்."

"சொல்லாதேன்னு கேட்டுக்கலாமே?"

"கேட்டாலும் எழுதுவா. எழுதணும். அவ இடத்துல நானா இருந்தா எழுதியிருப்பேன்."

அடுத்த மாதம் வேறொரு பத்திரிகையில் அவள் அத்தானைத் திட்டி எழுதினாள். ஆதாரமில்லாமல் கையெழுத்துப் போடுகிறவர் என்று எழுதினாள். ரைபிளைப் பற்றி நிரூபிக்க நேரில் அளக்க வேண்டும், அதற்கு உரிமையாளர் அனுமதி தரவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டிருந்தாள். அத்தான் அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்தார். ஒரு இடத்தில் மட்டும் தேதி பிசகியிருக்கிறது என்றார். நல்லா எழுதறா என்று அக்காவிடம் சொன்னார்.